ஒரே செய்முறை, பல அடுப்பு: பீர் காய்ச்சும் குழுக்கள் எதைத் தேர்வு செய்கின்றன?

மலேசியாவில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும். 1976-ஆம் ஆண்டு கலால் சட்டம் மதுத் தயாரிப்பை உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. விற்கவில்லை, நண்பர்களோடு குடிக்கத்தான் என்பது சாக்காக எடுபடாது. எனவே ஜார்ஜ்டவுனில் ஒருவர் தம் சமையலறையில் அண்டாவை ஏற்றி, ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு பீர் காய்ச்சினால், அது பொழுதுபோக்காகக் கருதப்படாது, சட்ட மீறலாகும்.

ஆனால் நிலைமை எங்கும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் தம் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் காய்ச்சலாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. தாய்லாந்தும் 2022 நவம்பரில் விதியைத் தளர்த்தி, அனுமதி பெற்றவர் ஆண்டுக்கு 200 லிட்டர் வரை வீட்டில் காய்ச்ச வழிவிட்டது. ஆஸ்திரேலியாவில் சொந்தத் தேவைக்குப் பீர் காய்ச்ச உரிமமே தேவையில்லை. வேலைக்காக சிங்கப்பூரிலும் படிப்புக்காக மெல்பர்ன், பெர்த் நகரங்களிலும் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இத்தகைய குழுக்களில் சேர்வது இன்று புதுமையல்ல. அங்கே என்னதான் நடக்கிறது, எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதைப் பெற்றோரும் தெரிந்திருப்பது நல்லது.

'காய்ச்சுவது' என்ற ஒரே சொல்

தமிழில் பீரையும் 'காய்ச்சுகிறோம்', சாராயத்தையும் 'காய்ச்சுகிறோம்'. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய சரக்கு என்றாலே சம்சு ஞாபகம்தான் வரும். அந்தப் பயம் நியாயமானது.

சாராயம் என்பது வடித்து எடுப்பது. புளித்த ஊறலைச் சூடாக்கி, ஆவியைக் குளிர வைத்து, சாராயச் சத்தைத் திரட்டுவார்கள். பீர் அப்படியல்ல. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊற வைத்து, வடிகட்டிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க விட்டு, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பதோடு சரி. ஆவியைப் பிடிக்கும் வேலையே இல்லை. புளிக்கும்போது உருவாகும் மெத்தனாலும் மிகச் சொற்பம்.

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதும் மெத்தனால் கலந்த மதுவால்தான். வீட்டில் புளிக்க வைத்த பீரால் அத்தகைய சாவு நேர்வதில்லை. அதற்காகப் பீர் உடம்புக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 21 ஆக உயர்த்தப்பட்டதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

கள்ளுக்கும் பீருக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. இரண்டும் புளித்தவை, இரண்டும் வடிக்காதவை. கள்ளுக்குச் செய்முறை தேவைப்படவில்லை. தென்னம்பாளையில் சொட்டும் பதநீரிலேயே சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் மற்ற வேலையைச் செய்துவிடுகிறது. காலையில் இனிப்பது மாலையில் புளிக்கும். மரம் சீவுபவரின் கையும் கலயத்தின் சுத்தமும்தான் அங்கே கணக்கு. பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை முளைகட்டி, சரியான சூட்டில் ஊற வைத்தால்தான் சர்க்கரையாகும். அதனால்தான் பீருக்கு அளவும் நேரமும் வெப்பநிலையும் எழுதிய செய்முறை வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் கள்ளுக்கடை சந்தோஷத்துக்கு மட்டும் இருந்த இடமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தனர். பின்னாளில் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராக நீண்ட காலம் குரல் கொடுத்தது. கூடிக் குடிப்பது பற்றி நம் சமூகத்தில் பேசும்போது இந்த நினைவு பின்னால் நிற்கத்தான் செய்யும்.

செய்முறையை வெளியிடச் சொன்ன மக்கள்

குழுவாகக் காய்ச்சும் பழக்கம் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. 1933-இல் அங்கே மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் வைன் செய்ய அனுமதி கிடைத்தது. பீர் விடுபட்டுப் போனது. ஏறக்குறைய 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபர் 14-ஆம் தேதி அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர். ஒரு வீட்டில் இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். மாநிலங்கள் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. பிரிட்டன் இதில் முந்திக்கொண்டது: அங்கே வீட்டு பீருக்கான உரிமக் கட்டாயம் 1963-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

கார்ட்டர் கையெழுத்திட்ட அதே 1978-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பப்பாசியன் தம் நண்பருடன் சேர்ந்து அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார். இச்சங்கம் 1998 முதல் ஆண்டுதோறும் மே மாதம் முதல் சனிக்கிழமையில் 'பிக் புரூ' என்ற கூட்டுக் காய்ச்சலை நடத்தி வருகிறது. சங்கம் சில செய்முறைகளை முன்கூட்டியே அறிவிக்கும். ஊர் ஊராக இருக்கும் குழுக்கள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையிலோ கொல்லைப்புறத்திலோ கூடி ஒரே நாளில் காய்ச்சும். நம் ஊரில் பொங்கலுக்குத் தெருவே கூடிப் பானை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

இன்னொரு நிகழ்ச்சி செய்முறைக்கு இருக்கும் மவுசைக் காட்டுகிறது. அதிபர் ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறையில், மாளிகைத் தோட்டத்துத் தேன்கூட்டின் தேனைக் கொண்டு பீர் காய்ச்சப்பட்டது. செய்முறையை வெளியிடுங்கள் என்று மக்கள் மனு போட்டார்கள். 2012 செப்டம்பர் 1-ஆம் தேதி அது வெளியானது. கெட்டியாகக் காய்ச்சிய மால்ட் பாகு, 1 பவுண்டு தேன், இங்கிலாந்தின் கென்ட் கோல்டிங்ஸ், ஃபக்கிள்ஸ் என்ற இருவகை ஹாப்ஸ், வின்ட்சர் என்ற உலர் ஈஸ்ட். புதிதாகத் தொடங்குபவரும் சமாளிக்கக்கூடிய அளவு. அதிபர் மாளிகையின் செய்முறை என்பதால் ஆர்வம் இருந்தது உண்மை. ஆனால் மால்ட் பாகு வைத்துச் செய்யும் எளிய முறை என்பதால்தான் ஆர்வப்பட்ட அத்தனை பேராலும் அதைச் செய்துபார்க்க முடிந்தது.

எதற்காகக் கூடுகிறோம்?

செய்முறையைத் தேர்வதில் குழுக்கள் சண்டை போட்டுக்கொள்வது சுவையைப் பற்றித்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. எதற்காகச் சேர்ந்து காய்ச்சுகிறோம் என்பதை முதலில் பேசித் தீர்க்காததுதான் தகராறுக்கு மூலம்.

ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது நோக்கம் என்றால், ஒரே வகை மால்ட், ஒரே வகை ஹாப்ஸ் கொண்ட மிக எளிய செய்முறைதான் சிறந்தது. எல்லாரும் அவரவர் வீட்டில் அதையே காய்ச்சி, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பார்கள். இட்லி மாவை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று எல்லா வீட்டிலும் ஒரே அளவுதான். ஆனால் அத்தை வீட்டு இட்லி ஒரு மாதிரி, பெரியம்மா வீட்டு இட்லி வேறு மாதிரி. அரைத்த பக்குவம், உப்பு போட்ட நேரம், அடுப்படியின் சூடு எல்லாம் சேர்ந்து விளையாடுகின்றன. பீரிலும் அப்படித்தான். செய்முறை ஒன்றாக இருந்தால்தான் கையின் வித்தியாசம் தெரியும். இருபது பொருள் சேர்த்த செய்முறையில் எது எதனால் வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

நோக்கம் ஒரு பீப்பாயை நிரப்புவதென்றால் கதையே மாறுகிறது. அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் தீயில் கருக்கிய ஓக் மரக் கலத்தில்தான் ஊற வைக்க வேண்டும். பயன்படுத்திய பீப்பாயில் மீண்டும் பர்பன் ஊற வைக்க முடியாததால் அவை விற்பனைக்கு வந்துவிடும். அதில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். வீட்டில் ஒருமுறை காய்ச்சுவது வழக்கமாக 19 லிட்டர். ஆக, பத்துப் பதினொரு பேர் ஒரே செய்முறையைக் காய்ச்சிக் கொண்டு வந்து ஊற்றினால்தான் பீப்பாய் நிறையும். மாதக் கணக்கில் மரத்தில் இருக்கப் போவதால் மெல்லிய பீர் தாங்காது. மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்று அதைக் கெடுத்துவிடும். எனவே இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் கனமான ஸ்டவுட், பார்லி வைன் போன்ற வலுவான வகைகளைத் தேர்கின்றன. வேண்டுமென்றே புளிக்க விடும் பெல்ஜியச் சிவப்பு வகையும் உண்டு.

பீப்பாய்க்கு ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் கொண்டுவந்ததையும் மற்றவர்கள் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஒருவருடைய பாத்திரத்தில் கெட்ட கிருமி புகுந்திருந்தால், 19 லிட்டரால் 200 லிட்டரும் பாழ். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்பது இங்கே உவமையாக இல்லாமல் அப்படியே நடந்துவிடும். உங்களுடையது வேண்டாம் என்று நண்பரின் முகத்துக்கு நேரே சொல்வது எளிதல்ல. அதிலும் அவர் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவழித்து வந்திருப்பார். ஆகவே நிராகரிக்கப்பட்டால் செலவை யார் ஏற்பது, பீப்பாயில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையெல்லாம் காய்ச்சும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் குழுக்கள்தான் நீடித்து நிற்கின்றன. கூட்டுச் சீட்டு நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது வகை, ஒரு காரியத்துக்காகக் கூடுவது. 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ அழித்தபோது, சியரா நெவாடா என்ற பீர் ஆலை ஒரு செய்முறையை வெளியிட்டு, மற்ற ஆலைகளும் அதையே காய்ச்சி விற்பனைப் பணத்தை நிவாரணத்துக்குத் தரும்படி கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்துகொண்டன. இது வீட்டுக்காரர்களின் வேலையல்ல, உரிமம் பெற்ற ஆலைகளின் வேலை. ஆனாலும் பொதுச் செய்முறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். எங்கும் கிடைக்கும் மால்ட், எங்கும் கிடைக்கும் ஹாப்ஸ், எந்த ஆலையிலும் செய்யக்கூடிய முறை.

மிகச் சிறிய அண்டாவே அளவு

நோக்கம் முடிவானதும் அடுத்த கேள்வி, யாரிடம் என்ன இருக்கிறது என்பது. முழு பார்லியிலிருந்து தொடங்க வேண்டுமானால் 19 லிட்டருக்கு 4, 5 கிலோ மால்ட், அதை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைக்கப் பெரிய பாத்திரம், பிறகு முழு அளவையும் கொதிக்க வைக்க 30 லிட்டருக்குக் குறையாத அண்டா எல்லாம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இரண்டு அடுப்பு மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. மால்ட் பாகு வைத்துச் செய்தால் 10 லிட்டர் பாத்திரத்திலேயே கொதிக்க வைத்து, பிறகு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். குழுவில் மிகக் குறைந்த வசதி உள்ளவர் யாரோ, அவரை வைத்துத்தான் பொதுச் செய்முறை அமைய வேண்டும். இதை மறந்து, பெரிய சாமான் வைத்திருக்கும் இருவர் தங்கள் விருப்பத்தைத் திணித்தால் மற்றவர்கள் பார்வையாளராகிவிடுவார்கள்.

நம் வட்டாரத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய நிபந்தனை சூடு. ஏல் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். அதாவது அதற்கு வேண்டியது கேமரன் மலையின் சீதோஷ்ணம். லாகர் ஈஸ்ட்டுக்கு அதைவிடக் குளிர், 8 முதல் 13 டிகிரி. சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் 24-க்குக் கீழே இறங்குவது அரிது. போதாக்குறைக்குப் புளிக்கும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கிளப்பும். சூடு மிஞ்சினால் வாழைப்பழ வாடையும், நகச்சாயம் போன்ற நெடியும், மறுநாள் தலைவலியும்தான் மிச்சம். வெப்பமானி பொருத்திய பழைய குளிர்பெட்டி ஒன்று ஒவ்வொருவரிடமும் இருந்தால் எந்தச் செய்முறையையும் எடுக்கலாம். இல்லையென்றால் லாகர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. மலேசியாவில் நாம் அன்றாடம் பார்க்கும் பொன்னிற பீர் வகைகள் பெரும்பாலும் லாகர்தான் என்பதால், புதியவர்கள் அதையே கேட்பார்கள். குழுவின் மூத்தவர் அங்கேதான் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

வெப்ப நாட்டுக்குப் பொருந்தும் ஈஸ்ட்டுகளும் இருக்கின்றன. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த 'குவைக்' என்ற ஈஸ்ட் 35, 40 டிகிரியிலும் சுத்தமாகப் புளிக்கும். குளிர் நாட்டிலிருந்து வெயிலுக்கேற்ற ஈஸ்ட் வந்தது விந்தைதான். பெல்ஜியத்தின் 'சேசோன்' வகைக்கான ஈஸ்ட்டும் 30 டிகிரியைத் தாங்கும். கோடைக்கால வயல் வேலையாட்களுக்காகப் பண்ணைகளிலேயே காய்ச்சப்பட்டு வந்த பீர் அது என்று சொல்வார்கள்.

கொதித்த சாற்றை ஆற வைப்பதும் இங்கே சிரமம். குளிர் நாட்டில் குழாய்த் தண்ணீரை ஓட விட்டால் போதும். நம் குழாயில் வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால் 30 டிகிரிக்குக் கீழே இறக்க ஐஸ் கட்டி வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை அடிக்கும். முதல் நாளே பிடித்துத் திறந்து வைப்பதோ கொதிக்க வைப்பதோ நல்லது. குளோரமின் கலக்கும் ஊர்களில் அது போதாது, அதற்கென உள்ள மாத்திரையைச் சேர்க்க வேண்டும்.

வாக்கெடுப்பும் ஜாதிக்காயும்

பத்துப் பேர், நான்கு செய்முறை, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால், நாலு பேர் ஓட்டு வாங்கிய செய்முறை ஜெயித்துவிடும்; மற்ற ஆறு பேருக்கும் அது பிடிக்காததாக இருக்கலாம். அந்த ஆறு பேரும் காய்ச்சும் நாளில் ஏதோ வேலை என்று வராமல் போவார்கள். அதற்குப் பதில், 'இதைக் காய்ச்ச எனக்குச் சம்மதம்' என்று தோன்றும் எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரும் குறி போடுவது மேல். அதிகக் குறி வாங்கியது யாருடைய முதல் விருப்பமாகவும் இல்லாமல் போகலாம், ஆனால் பத்துப் பேரும் அடுப்பருகே நிற்பார்கள்.

உள்ளூர் மணம் சேர்க்கும் ஆசை எல்லாக் குழுவிலும் எழும். பாலிக் புலாவ் ஜாதிக்காய், கூலா மலாக்கா, பாண்டான் இலை, இஞ்சி, கிராம்பு என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரும் சொன்னதை எல்லாம் ஒரே அண்டாவில் போட்டால் அது கூட்டாஞ்சோறு. ஒன்று போதும். ஜாதிக்காய் என்றால் துருவியது ஒரு சிட்டிகை; கூடினால் கஷாயம் ஆகிவிடும். கூலா மலாக்கா ஏறக்குறைய முழுவதும் புளித்துவிடும் என்பதால், இனிப்பு தங்கும் என்று எண்ணிச் சேர்ப்பவர்கள் ஏமாறுவார்கள்: பீர் மெலியும், போதை கூடும். போதை எவ்வளவு என்பதை அறிய, புளிக்கும் முன்னும் பின்னும் ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பார்க்க வேண்டும். 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்க, சுமார் 5.2 விழுக்காடு. குழுவில் எல்லாரும் இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைக்காவிட்டால் பிறகு ஒப்பிடுவதற்கு எதுவுமே இருக்காது.

போத்தலில் அடைக்கும்போது நுரை வருவதற்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் அளவே. புளிப்பு முழுதாக அடங்குவதற்கு முன் அடைத்தாலோ, சர்க்கரை கூடினாலோ போத்தல் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வீட்டு பீரில் உண்மையான உடனடி ஆபத்து என்றால் இதுவும், அண்டாவில் கொதிக்கும் சாற்றைத் தூக்குவதும்தான். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டைக் காய்ச்சும் இடமாகக் குழுக்கள் தேர்வதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் குழுவுக்குக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. மாதம் 30 லிட்டர் என்பது ஒரு குடும்பத்துக்கான அளவு. ஒருவர் வீட்டில் 19 லிட்டர் காய்ச்சினால் அந்த மாதம் இரண்டாவது முறை காய்ச்ச இடமில்லை. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடிப் பெரிய அண்டாவில் 100 லிட்டர் இறக்கலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே வழியில்லை. எனவே செய்முறையை மட்டும் ஒன்றாகத் தேர்ந்து, மால்ட்டை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பில் காய்ச்சுவதே அந்தச் சட்டத்துக்குப் பொருந்தும் வழி. மூன்று நான்கு வாரம் கழித்து ஆளுக்கு இரண்டு போத்தலோடு ஒருவர் வீட்டில் கூடும்போது, போத்தலில் பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டிக் கொண்டு வருவார்கள். யாருடையது என்று தெரியாமல் குடித்தால்தான் வாய் உண்மை பேசும்.